மொச்சை எந்திரிக்கட்டும்

என் சத்தம் கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு ஊருக்குள்ள கேலி பேசுவாக. கேக்கட்டுமே. மாவு மில்லு நடத்துறவ மெதுவாப் பேசுனா கட்டுபடியாகுமா? ஒரு பக்கம் கேப்பை, ஒரு பக்கம் மிளகா, ரெண்டு மோட்டாரும் ஓடயில நான் அடிவயித்துல இருந்து கத்துனாத்தான் தெருவுல நிக்கிறவளுக்கு "அடுத்தது யாரு?"ன்னு கேக்கும். எங்க வீட்டுக்காரரு தவறுனப்ப, "பொம்பளை எங்கிட்டு மில்லை ஓட்டப் போகுது, வாடகைக்கு விட்டுரு"ன்னு புத்தி சொன்னவுக எத்தனையோ பேரு. இன்னைக்கு அவுக வீட்டுப் பொம்பளைகதான் டப்பாவைத் தூக்கிட்டு என் வாசல்ல வரிசையில நிக்கிறாக. ராசாத்தி ஒண்ணைச் செய்யிறேன்னு சொல்லிட்டா செஞ்சிருவா. அது மிஷினா இருந்தாலும் சரி, மனுசனா இருந்தாலும் சரி, பூனையா இருந்தாலும் சரி.

பூனைக் கதையத்தான் சொல்ல வந்தேன்.

மில்லுன்னு இருந்தா எலி இருக்கும். எலி இருந்தா பூனை இருந்தாகணும். என்கிட்ட ரெண்டு உண்டு. பொட்டை பேரு தவிடு, அவ மகன் கடுவன் பேரு உமி. தவிடு ஒரு முறைப்பு முறைச்சான்னா வாங்குன மாவை எடுத்துக்கிட்டு வாடிக்கையே ஒதுங்கிப் போகும். உமி தின்னு தின்னு உருண்டு கிடப்பான், ஆனா வெளிப் பூனை ஒண்ணு வாசப்படி மிதிச்சிறக் கூடாது, உடம்பெல்லாம் சிலுத்துக்கிட்டு நிப்பான். ரெண்டும் என் ராஜ்ஜியத்துல என்னைய மாதிரியே வளந்ததுக.

மாசி கடைசியில எங்க அண்ணன் கர்ணன் சுருளிப்பட்டித் தோட்டத்துல மயங்கி விழுந்துட்டாக. எங்க மதினி சந்தனம்மாள் போனதுல இருந்து, திராட்சைப் பந்தலுக்கு நடுவுல இருக்கிற ஓட்டு வீட்டுல தன்னந்தனியாத்தான் இருந்தாக. பிள்ளைகுட்டி கிடையாது. மருந்தடிக்க வந்த ஆளுக பாத்துத் தூக்கிட்டு ஓடுனதாலே தப்பிச்சாக. நான் தேனி ஆஸ்பத்திரிக்கு அடிச்சுப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தா, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, "ஒண்ணுமில்ல ராசாத்தி, வெயிலு"ங்கிறாக. டாக்டரம்மா என்னை ஓரமாக் கூப்பிட்டு, "வெயில் இல்லம்மா, இருதயம் பலவீனமா இருக்கு. அடுத்த தடவை பக்கத்துல ஆள் இல்லைன்னா கஷ்டம். தனியா விட்டுறாதீங்க"ன்னு சொன்னாக. கூடப் பிறந்ததுன்னு எனக்கு இருக்கிறது அந்த ஒரே ஆளு.

"கிளம்புங்க என் வீட்டுக்கு"ன்னேன்.

"அது சரிப்படாது ஆத்தா. அண்ணன்காரன் தங்கச்சி வீட்டுக்குச் சீர் கொண்டுக்கிட்டு வரணும். சோத்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு வரக் கூடாது."

இதுதான் அவுக பிடிவாதம். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு, சேலை, பெட்டி நிறையத் திராட்சைன்னு கொண்டுவந்து இறக்குவாக. ஆனா என் வீட்டுல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்கச் சொன்னா, "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு செருப்பை மாட்டிருவாக. நான் விடுவேனா? வார்டுன்னும் பாக்காமக் கத்துன கத்துல நர்ஸு ஓடி வந்து, "பக்கத்து பெட்காரருக்கு பிரசர் ஏறுதும்மா"ன்னு கும்பிட்டுச்சு. கடைசியில அண்ணன் இறங்கி வந்தாக.

"அப்ப மொச்சையை என்ன செய்யிறது?"

மொச்சைங்கிறது மதினி வளத்த பூனை. உடம்பு முச்சூடும் கருப்பு, நெஞ்சுல மட்டும் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளை. மதினி கண்ணை மூடுறதுக்கு முன்னாடி, "அதைத் தெருவுல விட்டுறாதீக"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. அண்ணனுக்கு அதுதான் எல்லாம். அது மடியில தூங்கிட்டா எழுப்ப மாட்டாக. காலு மரத்தாலும் சரி, அடுப்புல சோறு தீஞ்சாலும் சரி, "எந்திரிக்கட்டும்"னு அப்படியே உக்காந்திருப்பாக. மதினி இருந்த காலத்துலயே இந்தக் கூத்து உண்டு.

"மொச்சையும் வரட்டும்"னேன்.

"உன்கிட்டத்தான் ரெண்டு ரௌடி கிடக்கே. இவ பந்தல்ல ஒத்தையில வளந்தவ, இன்னொரு பூனையைக் கிட்டக்கப் பாத்ததில்ல. இவ அங்கன ஒட்டலைன்னா நானும் இருக்க மாட்டேன் ராசாத்தி. இப்பவே சொல்லிட்டேன்."

"அம்புட்டுதானே? ஒட்ட வைக்கிறது என் பொறுப்பு."

சொல்லிட்டேன். பூனை ஒட்டிக்கிச்சுன்னா அண்ணன் என் கண்ணு முன்னால இருப்பாக. ஒட்டலைன்னா மறுபடி அந்தப் பந்தலுக்குள்ள, கூப்பிட்டா ஏன்னு கேக்க நாதியில்லாம. எனக்கு வேற எதுவும் அப்ப மண்டையில ஓடல.

எங்க பக்கம் பூனையை வீடு மாத்துறதுன்னா சாக்குலதான் கட்டிக் கொண்டு வருவோம். கண்ணைத் திறந்து வச்சுக் கூட்டி வந்தா வழி பாத்து வச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிரும். வார வழியில முச்சந்தியில மூணு சுத்துச் சுத்தணும், அப்பத்தான் திக்கு மறக்கும். அண்ணனும் மொச்சையைச் சாக்குல போட்டு, ஆட்டோக்காரரைச் சுருளி ரோட்டு முக்குல மூணு வட்டம் அடிக்கச் சொல்லியிருக்காக. "பூனைக்கு மறந்துச்சோ என்னமோ, எனக்கு மறந்துருச்சு பெரியவரே"ன்னு அவரு சிரிச்சுக்கிட்டே இறக்கிவிட்டுப் போனாரு.

கோயம்புத்தூர்ல இருக்கிற எங்க மக யுவராணிக்குப் போனைப் போட்டேன். அவளும் பிளாட்டுக்குள்ள பூனையா வளத்து வச்சிருக்கிறவ. "எடுத்த எடுப்புல ஒண்ணா விட்றாதம்மா"ன்னா. "புதுசைத் தனி ரூம்ல வச்சுப் பூட்டு. கதவுச் சந்துல ஒண்ணை ஒண்ணு மோந்து பழகட்டும். பூனைக்கு மூஞ்சி பெருசில்ல, வாசந்தான் பெருசு. வாசம் பழகிருச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. கதவுக்கு ரெண்டு பக்கமும் சோறு வை. அவசரப்படாத, உன் குணத்தைக் காட்டாத."

"எனக்குத் தெரியும்டி, வை போனை"ன்னேன்.

முன்பக்கம் மில்லு, பின்பக்கம் வீடு, ரெண்டுக்கும் நடுவுல மிளகா மூட்டை போடுற ரூம் ஒண்ணு இருக்கு. சிமெண்டுத் தரை, காத்து வர ஜன்னல், கதவுக்கு அடியில நல்ல சந்து. ஒரு பூனைக்கு இதை விட வசதியா ஊட்டியில கூட ரூம் கிடைக்காது. மூட்டையை எல்லாம் வெளிய தள்ளி, கூட்டித் தொடைச்சு, மொச்சையை உள்ள விட்டேன். அண்ணன் ஒரு ஸ்டூலைப் போட்டு அவ கூடவே உக்காந்துக்கிட்டாக.

பங்குனி பிறந்துருச்சு. வெயில் ஏறுனா கம்பத்துல இருக்கிற அத்தனை வீடும் வருசத்துக்குத் தேவையான மிளகாயைக் காய வச்சு எடுத்துக்கிட்டு என் மில்லுக்குத்தான் வரும். மிளகா மிஷின் நிக்காம ஓடுச்சு. தவிடும் உமியும் அந்தக் கதவு வழியா நூறு தடவை போகும் வரும். ஒரு உறுமல் இல்ல, ஒரு சீறல் இல்ல, உள்ள ஒருத்தி இருக்கிறதாவே காட்டிக்கல. எனக்குப் பெருமை பிடிபடல. "பாத்தீங்களா! நம்ம வீட்டுப் பிள்ளைக வளப்பு அப்படி"ன்னு அண்ணன்கிட்டப் பீத்திக்கிட்டேன். அவுக கண்ணைத் தொடைச்சாக. அந்த ரூமுக்குள்ள எப்பப் பாத்தாலும் அவுக கண்ணுல தண்ணி ஓடும். மதினி நினைப்பு வந்துருச்சு போலன்னு நான் முதுகுல தட்டிக் குடுத்துட்டு வந்துருவேன்.

பக்கத்து வீட்டு அம்சத் பீவி மட்டும் ஒரு நாள், "என்ன ராசாத்தி, உங்க வீட்டுல மனுசரு, பூனை எல்லாருக்கும் சளியா? ஒரே தும்மலா இருக்கே"ன்னு கேட்டா. பூனைக்கும் பருவம் மாறுனா சளி பிடிக்கும்டின்னு விளக்கம் சொல்லி அனுப்புனேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, மில்லு லீவு. நல்ல நேரம் பாத்துக் கதவைத் திறந்தேன்.

ஏ ஆத்தாடி! என்னன்னு சொல்ல. மொச்சை வெளிய ஒரு காலைத்தான் வச்சா. உமி அவளைப் பாத்த பார்வை இருக்கே, வாழ்க்கையில முதல் தடவையா அப்பத்தான் பாக்கிற மாதிரி. அலறுனான் பாருங்க, தெருவே எட்டிப் பாத்துச்சு. தவிடு ஒரு பக்கம் பாய, உமி ஒரு பக்கம் பாய, மொச்சை மாவு மூட்டை மேல ஏறி, மிஷின் மேல ஏறி, தானியம் கொட்டுற வாய்க்குள்ள போய்ப் பதுங்கிக்கிட்டா. கேப்பை மாவு புகை மாதிரி எந்திரிச்சதுல எந்தப் பூனை எங்கன இருக்குன்னே தெரியல. அவளை எடுக்கப் போன அண்ணன் கையை அவளே கீறிட்டா. ரத்தம் சொட்டச் சொட்ட அவுக என்னையத் திரும்பிப் பாத்தாக.

"போதும் ஆத்தா. சாக்கை எடு."

அந்த ஆளு மூஞ்சியில ஒரு கோவம் இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். கோவமே இல்ல, எனக்கு முன்னாடியே தெரியும்ங்கிற மாதிரி நின்னாக. பந்தலுக்குள்ள அவுக விழுந்து கிடக்கிறது என் கண்ணு முன்னால வந்து போச்சு. ஓடிப் போய்ச் சாக்கை எடுத்து, அடுக்கியிருந்த கோதுமை மூட்டைக்கு அடியில செருகி, மேல ஏறி உக்காந்துக்கிட்டேன்.

"இந்தாங்கண்ணே, எனக்கு இன்னொரு தடவை விட்டுக் குடுங்க. அது வரைக்கும் இந்தச் சாக்கு வேணும்னா என்னையத் தூக்கிட்டுத்தான் எடுக்கணும்."

என் எடை அவுகளுக்குத் தெரியும். கையைக் கழுவப் போயிட்டாக.

யுவராணிக்குப் போனைப் போட்டுப் பிடிபிடின்னு பிடிச்சேன். "நீ சொன்ன லட்சணம் இதுதானாடி? அத்தனை நாளு மோந்து மோந்து பழகுனதுக, கதவைத் திறந்தா கொலை செய்யப் பாக்குதுக!"

"எந்த ரூம்லம்மா வச்ச?"

"மிளகா ரூம்ல."

அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். அப்புறம் சிரிக்கிறா, சிரிக்கிறா, மூச்சு முட்டச் சிரிக்கிறா. "அம்மா, மிளகா நெடியில மனுசனுக்கே மூக்கு செத்துப் போகும். பூனை எதைம்மா மோந்து பழகும்?"

அப்பத்தான் எனக்கு உறைச்சது. இத்தனை வருசம் மில்லுலயே கிடந்து எனக்கு அந்த நெடி தெரியிறதே இல்ல. சந்துல மூக்கை வச்ச என் பிள்ளைகளுக்கு மிளகாயைத் தவிர வேற வாசமே போகல. உள்ள ஒரு பூனை இருக்கிறதே அதுகளுக்குத் தெரியாது. இதுல நான் வேற வளப்புன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அண்ணன் அழுததும் மதினிக்காக இல்ல, மிளகாய்க்காக. "ஏன்ணே வாயைத் திறந்து சொல்லல?"ன்னு கேட்டா, "வந்த இடத்துல குறை சொல்லலாமா"ங்கிறாக. தலையில அடிச்சுக்கிட்டேன்.

சரி, தப்புன்னு தெரிஞ்சா திருத்திட்டுப் போறது. அதுக்கு ஒப்பாரி வைக்க எனக்கு நேரமில்ல. மறுநாள் காலையில மிளகா மிஷின் பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டினேன். சுவரைக் கழுவி, தரையைக் கழுவி, கிடந்த மிளகா மூட்டையை எல்லாம் அவுகவுக வீட்டுக்கே திருப்பி அனுப்புனேன். பங்குனியில மிளகா அரைக்காத மில்லு ஊரிலேயே அது ஒண்ணுதான். வாசல்ல "ரிப்பேர்"னு சாக்பீஸ்ல எழுதி வச்சேன்.

அம்சத் பீவி மிளகாயும் மல்லியுமா வந்து இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா. "என் மக நிக்காஹ் நெருங்கிருச்சு, இப்பப் போய் என்னடி ரிப்பேரு?"

"மூக்கு ரிப்பேரு."

"யாரு மூக்கு?"

விசயத்தைச் சொன்னேன். திட்டுவான்னு பாத்தா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "உங்க அண்ணன் இருக்கணும்னா நான் வெள்ளைச் சோறு கூடப் போட்டுக்குவேன் விருந்துல. சீக்கிரம் சரி பண்ணு"ன்னுட்டுப் போனா. நல்ல மனசு அவளுக்கு.

இந்தத் தடவை மொச்சையை என் படுக்கை ரூம்ல விட்டேன். கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு ரெண்டு கண்ணு மட்டும் மினுங்கும். வாசந்தான் பெருசுன்னா, அதை நானே கையில எடுத்துக் குடுக்கிறேன்னு முடிவு பண்ணேன். மாவு பறக்காம இருக்க மிஷின் வாயில நீளமா ஒரு துணிப்பை கட்டுவோம். அது பழசானா தவிடுக்கும் உமிக்கும் மெத்தை. அதுக வாசம், மில்லு வாசம் எல்லாம் அதுல ஊறிக் கிடக்கும். அதை எடுத்து மொச்சைக்கு விரிச்சேன். பதிலுக்கு மொச்சை படுக்கிற துணி ஒண்ணு இதுகளுக்கு வேணும்.

அண்ணன் பைக்குள்ள இருந்து ஒரு சேலையை எடுத்தாக. மதினியோட சுங்குடி. மதினி போன பிறகு அதுலதான் மொச்சை தூங்குவா. அண்ணன் துவைக்கக் கூட விடாம வச்சிருந்தாக. யாரையும் தொட விட்டதில்ல.

"இதுல பாதியைக் கிழிச்சுக்கிறவா?"ன்னு கேட்டேன், மெதுவா.

"கிழிக்காத. முழுசா எடுத்துக்க."

என் கையில வச்சுட்டு வாசப் பக்கம் போயிட்டாக. அந்தச் சேலையைக் கொண்டு போய் என் ரௌடிகளுக்கு விரிச்சப்ப, "இதை மட்டும் நாசம் பண்ணுனீக, தோலை உரிச்சிருவேன்"னு விரலை ஆட்டிச் சொன்னேன்.

உமி அந்தச் சேலையைப் பாத்துச் சீறுனான். ரொம்பச் சந்தோசமாப் போச்சு எனக்கு. சீறுறான்னா மூக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம். தவிடு அதைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, ஓரத்துல ஒரு காலை மட்டும் வச்சுப் பாத்துட்டுப் போனா. அப்புறம் ஒரு நாள் பாத்தா அதுக்கு நடுவுல படுத்துத் தூங்குறா. கதவுக்கு இந்தப் பக்கம் ரெண்டு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, மூணுலயும் நெத்திலிக் கருவாடு. முதல்ல தூரமா வச்சு, பிறகு கொஞ்சம் கொஞ்சமா நகட்டி, ஒண்ணு மெல்லுற சத்தம் இன்னொண்ணுக்குக் கேக்கிற மாதிரி வச்சேன். கதவை ஒரு விரக்கடை திறந்து வச்சு, முறைக்க முறைக்க மூடிருவேன். நானா இப்படிப் பொறுமையா இருக்கேன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அவசரப்பட்டா யாரு போயிருவாகன்னு எனக்குத் தெரியுமே.

அந்த நாளுல அண்ணனும் கொஞ்சம் கொஞ்சமா மில்லுப் பக்கம் வர ஆரம்பிச்சாக. துணிப்பையைக் கட்டுவாக, டப்பாவை வரிசையா நகட்டுவாக. முகத்துல களை வந்துச்சு. மொச்சை பத்தி எனக்குச் சொல்லிச் சொல்லிக் குடுப்பாக: மோர் சோத்துல உப்புப் போடக் கூடாது, இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிருவா, தேடக் கூடாது, காதுக்குப் பின்னாடி தடவுனாத்தான் பிடிக்கும். "நான் இல்லாட்டியும் நீ செஞ்சிருவேல்ல?"ன்னு ஒரு தடவை கேட்டாக. "ஏன் செய்யாம"ன்னு கேப்பையைக் கொட்டிக்கிட்டே சொன்னேன். எதுக்குக் கேக்குறாகன்னு அப்ப நான் யோசிக்கல.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம். மோட்டாரை நிறுத்திட்டுப் பின்கட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல நிழல் விழுற இடம். மதினி சேலை அங்கன கிடக்கு. அதுல மூணும் தூங்குதுக. தவிடு ஓரத்துல, உமி நடுவுல மல்லாந்து, மொச்சை அவன் வயித்துல தலையை வச்சு. கருப்புக் கழுத்தெல்லாம் கேப்பை மாவு. என் வீட்டுப் பூனை ஆயிட்டா. சத்தம் போடாம இருக்க வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன். ஜெயிச்சுட்டேன்! அண்ணன் இனி என் வீட்டுலதான்!

உள்ள ஓடினேன். அண்ணன் தேய்ச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, கட்டுன பையோட வாசல் பக்கத்துல நிக்கிறாக.

"எங்கண்ணே கிளம்பிட்டீக?"

"காலையிலயே பாத்துட்டேன் ஆத்தா, மூணும் ஒண்ணாப் படுத்திருந்ததை. பெரிய பாரத்தை இறக்கிட்ட. அவளுக்கு இனி ஒரு வீடு இருக்கு, எனக்கு என்ன ஆனாலும் அவளுக்குச் சோறு இருக்கு. சந்தனத்துக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன். நான் தோட்டத்துக்குப் போறேன்."

ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணுமே விளங்கல. அப்புறம் விளங்குச்சு. பூனை ஒட்டுனா அவுக இருப்பாகன்னு நான் மாடா உழைச்சிருக்கேன். அவுகளுக்கோ பூனை ஒட்டணும், அப்பத்தான் கவலையில்லாமப் போய் அந்தப் பந்தலுக்குள்ள விழலாம். மொச்சையை நான் ஒரு அடி கிட்டக்க இழுத்தப்ப எல்லாம் எங்க அண்ணனை ஒரு அடி தள்ளி விட்டிருக்கேன்.

"டாக்டரம்மா சொன்னது என்னாச்சு?"

"எத்தனை நாளைக்கு ஆத்தா தங்கச்சி சோத்தைத் திங்கிறது?"

வந்துச்சு பாருங்க ஒரு கோவம். விறுவிறுன்னு மில்லுக்குப் போனேன். கோதுமை மூட்டையைப் புரட்டித் தள்ளி, அன்னைக்கு ஒளிச்சு வச்ச சாக்கை உருவிக்கிட்டு வந்து அவுக கையில திணிச்சேன்.

"இந்தாங்க. போறவுக உங்க பூனையையும் கட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. என் வீட்டுல அதுக்கு இடமில்ல."

"ராசாத்தி, இப்பத்தானே..."

"நீங்கதானே சொன்னீக, அது ஒட்டலைன்னா நானும் இருக்க மாட்டேன்னு? இப்ப நான் சொல்றேன். நீங்க ஒட்டலைன்னா அதுவும் இருக்காது. முக்குல மூணு சுத்துச் சுத்திக் கொண்டு போங்க, வழி தெரிஞ்சு திரும்பி வந்துறப் போகுது!"

வாய் சொல்லிருச்சு. மொச்சையை என்னால அனுப்ப முடியுமா? அவ நேத்து என் முந்தானையில படுத்து எச்சி ஒழுகத் தூங்குனவ. அண்ணன் நிசமாவே தூக்கிட்டாகன்னா, ஆளும் போச்சு, அவளும் போச்சு. ஆனா சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கி எனக்குப் பழக்கமில்ல.

அண்ணனும் எனக்கு அண்ணன்தானே. ரோசம் வந்துருச்சு. பையை இறக்கி வச்சுட்டு, சாக்கோட பின்கட்டுக்கு நடந்தாக. நான் பின்னாலயே போனேன். மூணும் அதே மாதிரி தூங்கிக்கிட்டிருக்கு. அண்ணன் சாக்கு வாயைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு அதுகளைப் பாத்து நின்னாக. குனியவும் இல்ல, நிமிரவும் இல்ல.

மோட்டார் ஓடல. நான் கத்த வேண்டிய அவசியமே இல்ல. சின்ன வயசுல கூப்பிட்ட மாதிரி, நீன்னுதான் வாயில வந்துச்சு.

"அண்ணே, உனக்காக மட்டும் இல்லண்ணே. எனக்காகவும்தான். மோட்டாரை நிறுத்திட்டு வீட்டுக்குள்ள போனா எனக்குப் பேச ஆள் இல்ல. அதான் மில்லுல நின்னு அம்புட்டுக் கத்துறேன். நீ போயிட்டா நான் யாருகிட்டண்ணே சண்டை போடுவேன்? சீரு சீருங்கிறியே. மதினி சேலையை முழுசாத் தூக்கி என் பூனைக்குக் குடுத்தியே, எந்த அண்ணன் தங்கச்சிக்கு அதை விடப் பெரிய சீர் குடுத்துட்டான்?"

அண்ணன் கண்ணுல தண்ணி ஓடுச்சு. அன்னைக்கு மில்லுல மிளகா அரைக்கல.

பிறகு சாக்கை மடிச்சாக. கீழ போட்டு அது மேலயே உக்காந்தாக.

"தூங்குறா"ன்னாக.

"ஆமா."

"எந்திரிக்கட்டும். எந்திரிச்ச பிறகு பாத்துக்கலாம்."

உள்ள போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்துல வச்சேன். உக்காந்து முழுசாக் குடிச்சாக.

இப்ப ஆடிக் காத்து அடிச்சுக்கிட்டிருக்கு. மிளகா மிஷின் எப்பவும் போல ஓடுது. அம்சத் பீவி மக நிக்காஹும் காரசாரமா நல்லபடியா முடிஞ்சது. அண்ணன் பை இன்னும் கட்டுனபடிதான் கிடக்கு, அது மேல உமி ஏறிப் படுத்துத் தூங்குறான். நானும் கேக்கிறதில்ல, அவுகளும் சொல்றதில்ல.

நேத்து அம்சத் பீவி மாவு வாங்க வந்தவ, சும்மா இருக்க மாட்டாம, "என்ன அண்ணே, தோட்டத்துப் பக்கம் போகலையா?"ன்னு கேட்டுட்டா. நான் கேப்பையைக் கொட்டுறதை நிறுத்திட்டுத் திரும்புனேன். அண்ணன் டப்பாவை மூடிக் குடுத்துக்கிட்டே, "போகணும்மா, மொச்சை எந்திரிக்கட்டும்"னாக.

மொச்சை அப்ப அவுக ரெண்டு காலுக்கும் நடுவுல வாலைத் தூக்கிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தா.